‘கண்டம்’ பட்டியலுக்கு முன்னால்: ஒரு நடுநிலைப் பள்ளியின் ஸ்டோர் ரூம்

கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் எட்டு வரை. நான் ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் சமூக அறிவியலும் அவ்வப்போது என் தலையில் விழும். 2023 மழைக்காலத்தில் இரண்டாம் வகுப்பு அறை ஒழுக ஆரம்பித்தது. பிள்ளைகளை மாற்ற வேறு இடமில்லை. மிச்சம் இருந்தது ஸ்டோர் ரூம் ஒன்றுதான்.

அந்த அறையை முழுதாகத் திறந்து பார்த்தவர்கள் யாரும் இப்போது பள்ளியில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் துடைப்பமும் விளையாட்டுப் பந்தும் எடுக்கிற அளவுக்கு ஒரு ஆள் நுழையலாம். அதற்குப் பின்னால் கூரை வரை சாமான்.

"காலி பண்ணிடலாம் டீச்சர்" என்று எச்.எம்.மிடம் சொன்னேன். "எப்படி சார் காலி பண்றது? எல்லாம் ஸ்டாக்ல இருக்கு. ஆடிட்டுக்கு வர்றவங்க உலக உருண்டை எங்கேன்னு கேட்டா நானா போய் உருட்டிட்டு வர முடியும்?" என்றார். அரசுப் பள்ளியில் பழைய பொருட்கள் ஏன் மலையாகக் குவிகின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. உடைந்த பொருளை வைத்திருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். தூக்கிப் போட்டால்தான் கேள்வி வரும்.

அதனால் வேலை இருப்புப் பதிவேட்டில் இருந்து தொடங்கியது. மூன்று நாள், மதிய இடைவேளைகளில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு பொருளாகப் படிக்க, நான் பதிவேட்டில் தேடினேன். சாக்பீஸ், சார்ட், அட்டை போன்றவை தீர்ந்துபோகும் பொருட்கள். வழங்கியதாக எழுதியாகிவிட்டால் பிறகு கேள்வி இல்லை. உலக உருண்டை, ரேடியோ, மானிட்டர், வரைபடம், பெஞ்ச் எல்லாம் நிலையான இருப்பு. அவற்றைக் கழிக்க வேண்டுமென்றால் பட்டியல் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வர வேண்டும். இதைத்தான் எங்கள் பக்கம் ‘கண்டம் பண்றது’ என்பார்கள். ஒப்புதல் வரும் வரை பயன்படுத்தலாம், வெட்டவோ உடைக்கவோ கூடாது.

முதலில் இது எரிச்சலாக இருந்தது. பழைய பொருளை மாற்றிப் பயன்படுத்துவது என்றால் வெட்டி ஒட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ‘வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்’ போட்டிக்குப் பல வருடம் நடுவராக உட்கார்ந்த பழக்கம். சிடியின் மேல் ஜிகினா, தீப்பெட்டியில் பேனா ஸ்டாண்டு, ஐஸ் குச்சியில் வீடு. பரிசு கொடுத்து முடித்ததும் அவை எங்கே போகின்றன என்று பார்த்திருந்தால் அந்தப் போட்டிக்கு வேறு பெயர் வைத்திருப்போம். அதே ஸ்டோர் ரூமில் அப்படி இரண்டு சாக்குப்பை கிடைத்தது. குப்பையை எடுத்து, மேலே ஃபெவிகால் தடவி, மறுபடி பிரிக்கவே முடியாத குப்பையாக ஆக்கியிருக்கிறோம்.

வெட்டக் கூடாது என்ற கட்டாயம் வந்ததும், இந்தப் பொருள் இப்போது இருக்கிறபடியே எதற்கு ஆகும் என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

அறைக்குள் இருந்தவை

அடியில் தகரப் பெட்டிகள். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் 1987ல் வந்த கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் அடையாளம் சொன்னார். உள்ளே மணிச்சட்டம், துருப்பிடித்த சுருள்வில் தராசு, ஊசி நின்றுபோன திசைகாட்டி. அதற்கு மேல் சுருட்டி வைத்த துணி வரைபடங்கள், பதினோரு உருப்படி. அதற்கு மேல் செயல்வழிக் கற்றல் அட்டைகள், பிளாஸ்டிக் ட்ரேக்கள், சுவரில் மாட்டும் கற்றல் ஏணிகள். பிறகு டேப் ரெக்கார்டர் ஒன்று, ஆங்கில உச்சரிப்புக் கேசட்டுகள், கணினி வழிக் கற்றல் மையத்துக்கு வந்த பெரிய முதுகு மானிட்டர்கள் மூன்று, பயிற்சிக்குப் போனபோதெல்லாம் கொடுத்த சிடிக்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 2018லும் 2019லும் பாடத்திட்டம் மாறியபோது மிஞ்சிப்போன சமச்சீர்ப் புத்தகங்கள். எந்தத் திட்டம் எப்போது வந்து எப்போது போனது என்பதை அந்த அடுக்குகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வரைபடத்துக்கு வயசு பார்ப்பது

இதை நான் திட்டமிடவில்லை. தமிழ்நாடு வரைபடம் ஒன்றை விரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், இதுல நம்ம மாவட்டமே இல்ல" என்றாள்.

இல்லைதான். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில்தான் செயல்பாட்டுக்கு வந்தது. வரைபடத்தில் எங்கள் ஊர் விழுப்புரத்துக்குள் இருந்தது. "அப்ப இது 2019க்கு முன்னாடி அடிச்சது" என்றான் ஒரு பையன். சரி, எவ்வளவு முன்னாடி?

அன்று பாடம் அத்தோடு போயிற்று. மாவட்டங்களை எண்ணினோம். தேனியும் நாமக்கல்லும் இருந்தன. திருப்பூர் இல்லை. அது 2009ல் வந்தது. கிருஷ்ணகிரி இல்லை. அது 2004. ஆனால் அரியலூர் இருந்தது! அரியலூர் 2007ல் உருவானது என்று பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. 2004ல் வந்த மாவட்டம் இல்லாத வரைபடத்தில் 2007ல் வந்த மாவட்டம் எப்படி இருக்கும்?

இரண்டு நாள் இந்தக் கேள்வியை அப்படியே தொங்கவிட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்பதை வெளியே காட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் வீட்டு அண்ணனின் போனில் தேடிக் கண்டுபிடித்து வந்தான். அரியலூர் முதலில் 2001 ஜனவரியில் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். ஆகவே எங்கள் வரைபடம் இடையில் இருந்த பதினைந்து மாதத்துக்கு உரியது.

"இல்ல சார்" என்றாள் முதலில் பேசியவள். "பழைய அச்சையே வச்சு 2003லயும் அடிச்சிருக்கலாம்ல?" நான் யோசிக்காத விஷயம். வரைபடத்தில் ஒன்று இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் அது அச்சாகியிருக்க முடியாது. இது உறுதி. ஒன்று இல்லை என்பதை வைத்து அதே உறுதியோடு பேச முடியாது. திருத்தாமல் விற்றிருக்கலாம். இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் ஐந்து பேருக்குப் புரிந்திருக்கும். அவள் கேட்டதால் வகுப்பே பிடித்துக்கொண்டது.

இந்திய வரைபடங்களில் வேறு தடயங்கள். ஜார்க்கண்ட் இருந்தால் 2000 நவம்பருக்குப் பின். தெலங்கானா இல்லாவிட்டால் பெரும்பாலும் 2014 ஜூனுக்கு முன். ‘உத்தராஞ்சல்’ என்று போட்டிருந்தால் இன்னும் நெருக்கிவிடலாம், 2007ல் அது உத்தராகண்ட் ஆகிவிட்டது. ஒரு தமிழ்நாடு வரைபடத்தில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’, ‘விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்’ என்றெல்லாம் இருந்தன. 1997ல் தலைவர்கள் பெயரை மாவட்டங்களில் இருந்து மொத்தமாக எடுத்துவிட்டார்கள். விழுப்புரம் பிரிந்தது 1993. ஆக அது 1993க்கும் 1997க்கும் நடுவில். மிகப் பழைய வரைபடத்தில் எங்கள் பகுதி தென்னாற்காடு.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்விதான் கொடுத்தேன். உங்கள் ஆயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது இது எந்த மாவட்டம்? அம்மா பள்ளிக்கூடம் போனபோது எது? ஒரு பிள்ளை கொண்டுவந்த பதில்: ஆயா தென்னாற்காட்டில் வாழ வந்தாள், அம்மா விழுப்புரத்தில் படித்தாள், நான் கள்ளக்குறிச்சி, வீடு மட்டும் அதே வீடு.

வரைபடங்கள் எதையும் வெட்டவில்லை. நடைபாதையில் வயசு வரிசைப்படி கயிற்றில் தொங்குகின்றன. தணிக்கைக்கு யார் வந்து கேட்டாலும் பதினொன்றும் இருக்கிறது. ஒன்பது கிரகம் போட்ட சூரியக் குடும்ப சார்ட்டையும் பக்கத்திலேயே மாட்டினோம். 2006 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைக் கிரகப் பட்டியலில் இருந்து இறக்கினார்கள். ‘இதில் என்ன தப்பு?’ என்று மட்டும் எழுதி ஒட்டினோம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கேட்கிறார்கள். புது சார்ட்டை யாரும் இப்படி நின்று படித்ததில்லை.

சாக்பீஸ் துண்டு

எங்களை அதிகம் அலையவிட்டது இதுதான். பெயின்ட் டப்பா இரண்டு நிறைய சாக்பீஸ் துண்டுகள். விரலால் பிடிக்க முடியாத அளவு சின்னவை. இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி சாக்பீஸ் செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுவார்கள். செய்தோம். காய்ந்தது, கையில் எடுத்தால் உதிர்ந்தது. மைதா பசை சேர்த்தோம். உதிரவில்லை, ஆனால் பலகையில் எழுதவும் இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அதில் எறும்பு.

நான் அறிவியல் ஆசிரியர். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நம் சாதாரண வெள்ளை சாக்பீஸ் சுண்ணாம்பு இல்லை, ஜிப்சம். பாரிஸ் சாந்தைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றினால் அது தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு இறுகி ஜிப்சமாகிறது. அதுதான் சாக்பீஸ். ஒருமுறை இறுகியதை இடித்துத் தண்ணீர் விட்டால் வெறும் ஈரத் தூள்தான். ஏற்கனவே குடித்த தண்ணீரை வெளியேற்றினால்தான் மறுபடி குடிக்கும். அதற்குச் சுமார் 150 டிகிரி சூடு வேண்டும்.

இன்னொரு சிக்கல். டப்பாவில் ‘டஸ்ட்லெஸ்’ என்று விற்கிற சாக்பீஸ் துண்டுகளும் கலந்திருந்தன. அவை கால்சியம் கார்பனேட். இந்தச் சூட்டுக்கு அவை அசையாது, கலவையைக் கெடுக்கும். பிரிப்பது எளிது. துண்டைச் சுரண்டி, தூளில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. நுரைத்தால் கார்பனேட், சும்மா இருந்தால் ஜிப்சம். ஆறாம் வகுப்பு இந்த வேலையை ஒரு மதியம் முழுக்கச் செய்தது. அமிலமும் கார்பனேட்டும் பாடமும் அப்படியே முடிந்தது.

சூட்டுக்கு சத்துணவுக் கூடம். சமையலர் அக்கா ஒரே நிபந்தனை போட்டார்: "சட்டி நீங்களே கொண்டாங்க, அப்புறம் அத இங்க கொண்டாராதீங்க." என் வீட்டு ஓட்டை விழுந்த இரும்பு வாணலி போனது. பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நான்தான் கிளறினேன். தூள் மூக்கில் ஏறினால் நல்லதில்லை.

வெப்பநிலை தெரிய எங்களிடம் கருவி இல்லை. தராசை வைத்துக் கணக்குப் போட்டோம். ஜிப்சத்தில் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போக வேண்டும். எடையில் அது நூற்றுக்குச் சுமார் 16. வெயிலில் நன்றாகக் காய்ந்த 500 கிராம் தூள் போட்டால் சுமார் 420க்கு வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாணலியில் ஒரு வேடிக்கை நடந்தது. உலர்ந்த தூள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் பால் பொங்குகிற மாதிரி கொதித்தது. குமிழ் குமிழாக எழும்பி அடங்கியது. உள்ளே இருந்து வெளியேறுகிற நீராவிதான் அப்படிக் கிளப்புகிறது. "சார், கல்லுக்குள்ள தண்ணி இருந்திருக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கொதிப்பு அடங்கியதும் அடுப்பை அணைத்து ஆறவைத்து எடை போட்டால் 425 கிராம்.

அச்சுக்கு வயரிங் பைப்பைச் சாண் நீளம் அறுத்து, நெடுக்கில் ஒரு கீறல் போட்டு, உள்ளே தேங்காய் எண்ணெய் தடவினோம். குழைத்து ஊற்றியதும் பைப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கதகதவென்று இருந்தது. தண்ணீர் போகும்போது வாங்கிய சூட்டை இறுகும்போது திருப்பிக் கொடுக்கிறது. அரை மணியில் கட்டை விரல் தடிமனுக்கு சாக்பீஸ். பலகைக்கு அது கொஞ்சம் முரடு. கபடிக் கோடு போடவும், ஒன்றாம் வகுப்பு தரையில் எழுதவும் அதைவிட நல்லது கிடையாது.

காசுக் கணக்குப் பார்த்தால் இது வீண் வேலை. புது சாக்பீஸ் வாங்க ஆகிற செலவைவிட எரிவாயு அதிகம் போயிருக்கும். ஒருமுறை பாடமாகச் செய்யலாம், மாதாமாதம் செய்கிற வேலை இல்லை. இப்போது சேர்கிற துண்டுகளை வருடத்துக்கு ஒருமுறை ஆறாம் வகுப்புக்காக எடுத்து வைக்கிறோம்.

பழைய புத்தகமும் வெந்தயமும்

சமச்சீர்ப் புத்தகங்களில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முழு செட்டை நூலக அலமாரியில் வைத்துவிட்டோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இருபது வருடம் கழித்து ஒருவர், நம் பிள்ளைகள் அப்போது என்ன படித்தார்கள் என்று தேடினால் ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். மிச்சத்தில் கரையான் அரித்தவைதான் பாதி.

அரித்ததை என்ன செய்வது என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, பேத்தியை அழைத்துப் போக வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "வெந்தயம் போட்டு அரைச்சு முறத்துக்குப் பூசறது" என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டிலும் காகிதக் கூழ் கூடை இருந்தது. கிழிந்த காகிதத்தை மூன்று நாள் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைப்பார்கள். வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை. கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பார் அம்மா.

கூடை செய்யவில்லை. ஒப்புதல் வந்து கழித்த ஒரு மரக் கரும்பலகை இருந்தது. அதைப் படுக்கப் போட்டு, கூழால் கல்வராயன் மலையை எழுப்பினோம். எட்டாம் வகுப்பு உயரக் கோடுகளைப் பார்த்து அட்டையில் அடுக்கு வெட்டியது. மேலே கூழ் அப்பியது ஆயாவும் அவருக்குத் துணைக்கு வந்த இன்னும் இரண்டு பேரும். மலையில் இருந்து இறங்கும் கோமுகி ஆறு, அணை, வாய்க்கால், எங்கள் ஊர், கரும்பு வயல். காய ஒரு வாரம் ஆனது. இரண்டு இடத்தில் வெடித்தது, மறுபடி அப்பினோம். பிறகு மலை உச்சியில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்றான் ஒருத்தன். வார்னிஷ் அடித்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். அடித்த பிறகு ஊற்றினோம். தண்ணீர் கோமுகி வழியாகப் போகாமல் நேரே எங்கள் பள்ளியின் மேல் வந்து நின்றது. சரிவு தப்பு. தப்பைத் திருத்தும் வேலை அடுத்த வருட எட்டாம் வகுப்புக்கு.

கருகிய பாயும் தலைகீழ் வேப்பமரமும்

ஒரு ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஏதோ ஒரு கல்லூரி, தனக்கு வேண்டாதபோது எங்களுக்கு ‘நன்கொடை’ தந்தது. பல்பு வந்தபோதே போயிருந்தது. அரசுப் பள்ளிக்குக் கொடுப்பவர்கள் ஓடுகிற நிலையில் கொடுத்தால் புண்ணியம். இது குப்பையை இடம் மாற்றுவது. ஒரே நன்மை, இந்தப் பொருள் பதிவேட்டில் ஏறவே இல்லை. அதனால் தைரியமாகப் பிரித்தோம்.

மேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு சதுர பிளாஸ்டிக் தகடு இருக்கும். தடவிப் பார்த்தால் வட்ட வட்டமாக நுண்ணிய வரிகள். ஃபிரெனல் வில்லை என்பது இதுதான். பெரிய குவிவில்லையின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு தடிமனை நீக்கியது. அதைக் கழற்றி ஜன்னல் ஓரமாகச் சாய்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வந்தபோது அறையில் கருகல் வாடை. கீழே விரித்திருந்த கோரைப்பாயில் விரல் அகலத்துக்கு ஒரு கரிக்கோடு, வெயில் நகர்ந்த பாதையில் நீளமாக. பக்கத்தில் புத்தகக் கட்டு. தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். முழுக்க என் கவனக்குறைவு. அன்று முதல் அந்த வில்லை கறுப்புத் துணிப் பைக்குள், பீரோவுக்குள் மட்டும்தான்.

ஆனால் அதைத் தூக்கிப் போடவில்லை. மானிட்டர் வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் அந்த வில்லையைப் பொருத்தி, உள்ளே முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி பட்டர் பேப்பர் திரை வைத்தோம். பின்பக்கம் தலையை விட்டு மேலே போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும். பெட்டியை நிழலில் வைத்து, வெயில் பட்ட வேப்பமரத்தை நோக்கித் திருப்பினால், திரையில் மரம் தலைகீழாக, முழு வண்ணத்தில், இலை அசைவதோடு தெரியும். போனில் தினமும் படம் பார்க்கிற பிள்ளைகள் இதற்கு வரிசையில் நின்றார்கள். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம். சூரியனை நோக்கிப் பெட்டியைத் திருப்பவே கூடாது என்று பெட்டி மேல் சிவப்பில் எழுதியிருக்கிறது.

சிடிக்களில் ஜிகினா ஒட்டவில்லை. லேபிள் பக்கம் ஊக்கால் ஒரு கீறல் போட்டு, அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால், வெள்ளிப் படலம் உரிந்து வரும். மிஞ்சுகிற கண்ணாடி போன்ற தட்டில் 1.6 மைக்ரோமீட்டருக்கு ஒரு வரி வீதம் தடங்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் அறுநூற்றுச் சொச்சம். அதன் வழியாக விளக்கைப் பார்த்தால் நிறங்கள் பிரியும். குண்டு பல்பில் இடைவெளி இல்லாத வானவில், பழைய சிஎஃப்எல்லில் தனித்தனிப் பட்டைகள், எல்இடியில் நீலம் தூக்கலாக ஒரு வானவில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு ‘நிறமாலை’ என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதன் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. கழிவுப் பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் இருந்து இதே வழிதான். காசில்லாத பொருள், கை வைத்துப் பார்க்கும் பிள்ளை. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பள்ளிகளில் பாதி ஆய்வகப் பீரோ இன்னமும் பூட்டித்தான் இருக்கிறது.

அட்டைகள்

செயல்வழிக் கற்றல் அட்டைகளைப் பற்றி எனக்கும் இரண்டாம் வகுப்பு டீச்சருக்கும் சண்டை. 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்க வந்த முறை அது. ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியின் ஏணி முறையைப் பார்த்துச் செய்தது. பிள்ளை தானே அட்டையை எடுத்து, முடித்து, ஏணியில் அடுத்த படிக்குப் போகும். 2022ல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு அட்டைகள் மூலைக்குப் போய்விட்டன. அந்தத் திட்டத்தில் முதல் நிலைக்கு ‘அரும்பு’ என்று பெயர். நான் அவற்றை விளையாட்டாக மாற்றலாம் என்றேன். அவர், "எதுக்கு மாத்தணும்? ‘அரும்பு’ நிலையில இருக்கற பிள்ளைக்கு ரெண்டெழுத்து, மூணெழுத்துச் சொல் நிறைய வேணும். அதுல அப்படியே இருக்கு. லேமினேஷன்கூட போகல" என்றார்.

அவர் சொன்னதே சரி. படம், சொல், எளிய வாக்கிய அட்டைகளைப் பிரித்து மூன்று ட்ரேயில் வைத்தார், அவ்வளவுதான். மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு மிஞ்சியது கற்றல் ஏணி. அதில் ஏற்கனவே ஏணி இருக்கிறது, பாம்பு மட்டும் வரைந்தால் போதும். பரமபதமாகிவிட்டது. நிற்கிற கட்டத்துக்கான அட்டையைப் படித்தால்தான் ஏணி ஏறலாம். மழை நாட்களில் அதற்குத்தான் போட்டி.

கேசட் நாடா தோல்வி. காற்றில் விர்ரென்று சத்தம் போடும், குருவி வராது என்று வயலில் கட்டுவார்கள். நாங்களும் காய்கறித் தோட்டத்தில் கட்டினோம். "ரெண்டு வாரத்துல பழகிக்கும் சார்" என்றார் ஒரு தகப்பனார். பழகிக்கொண்டன. வெயிலில் நாடா நொறுங்கி மண்ணில் விழ ஆரம்பித்ததும் பொறுக்கி எடுத்தோம். முழுதும் எடுத்தோமா என்று சொல்ல முடியாது.

மானிட்டர்களைத் தொடவில்லை. தொட்டிச் செடி வைக்கலாம், மீன் தொட்டி செய்யலாம் என்று படம் காட்டுவார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது, உள்ளே மின்தேக்கிகள் அணைத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். யுபிஎஸ் பேட்டரியும் அப்படியே. பட்டியலில் எழுதி, மின்கழிவு எடுப்பவர்களிடம் போக வேண்டியவை அவை. விசைப்பலகைகளை மட்டும் ஒப்புதல் வந்த பிறகு பிரித்தோம். எழுத்துப் பொத்தான்கள் ஆங்கிலச் சொல் கட்டும் விளையாட்டுக்கு, உள்ளே இருந்த மின்தடம் அச்சிட்ட மெல்லிய தாள் எட்டாம் வகுப்பு மின்சுற்றுக்கு.

செலவு என்று பார்த்தால் வார்னிஷ், கயிறு, டேப், வெந்தயம், கால் லிட்டர் தேங்காய் எண்ணெய். ஆயிரம் ரூபாய்க்குள். நேரம்தான் அதிகம் போனது, அதிலும் பெரும்பகுதி பதிவேட்டோடு. இன்னொரு பள்ளி இதைச் செய்வதானால் முதலில் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்வேன். வில்லையைக் கழற்றுவதற்கு முன்னால் துணிப்பையைத் தைத்து வைக்கச் சொல்வேன்.

கண்டம் பட்டியலுக்கு ஒப்புதல் ஏழு மாதத்தில் பகுதி பகுதியாக வந்தது. மானிட்டர்கள் அதற்கும் பிறகுதான் கிளம்பின. இரண்டாம் வகுப்பு இப்போது அந்த அறையில்தான் நடக்கிறது. மூலையில் ஒரு அலமாரியை மட்டும் ஸ்டோருக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். போன வாரம் திறந்து பார்த்தேன். கீழ்த் தட்டில் 2022ன் எண்ணும் எழுத்தும் கையேடுகள், கட்டு பிரிக்காமல், நேர்த்தியாக அடுக்கியிருந்தன.